டிசம்பர் வரை உழைத்ததாகக் கணக்கிலுள்ள என் அண்ணா

அனுப்புநர்:
செல்வி வை. மங்கையற்கரசி,
காலஞ்சென்ற பெரிய கிராணியார் வைரவநாதன் அவர்களின் மகள்,
கிராணிமார் வீட்டு வரிசை,
சுங்கை தூவா தோட்டம்,
கோல சிலாங்கூர்.

பெறுநர்:
வருமான வரி அதிகாரி அவர்கள்,
வரி திருப்பித் தரும் பகுதி,
கோலாலம்பூர்.
(தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஐயா மூலமாக)

பொருள்: என் தமையனார் வை. ஆனந்தராஜாவின் 1951-ஆம் ஆண்டுக் கணக்கில் இரண்டாம் வேலை வருமானமாகச் சேர்க்கப்பட்ட தொகையில், அவர் இறந்த பிறகு வரும் மாதங்களை நீக்கி, நீக்கியதை என் தாயாருக்குத் தமிழில் எழுதித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அண்ணா செத்துப்போய்விட்டார் ஐயா, உண்மையாகவே செத்துப்போய்விட்டார், போன வருஷம் மே மாதத்திலேயே செத்துப்போய்விட்டார், இந்தச் செய்தியை இன்று தங்களுக்குப் புதிதாக அறிவிக்க வேண்டிய நிலைமை எங்களுக்கு வந்திருக்கிறது. முதல் மனுவோடு மரணச் சான்றிதழ் வைத்திருந்தோமே, இது பழைய செய்திதானே என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் வீட்டில் இது பழைய செய்தியாக இருந்தது. ஜூலை மாதம் தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்துக்குப் பிறகு அப்படி இல்லை.

2. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் அல்ல. ஜப்பான்காரன் வந்த வருஷத்தோடு என் படிப்பு நின்றது. மீதியை ரேடியோவிலும் பழைய பத்திரிகைகளிலும் நானே கற்றுக்கொண்டேன். இதுவரை நான் எழுதிய கடிதங்களெல்லாம் ரேடியோவுக்குத்தான், பாட்டுக் கேட்டு. ஒரு தடவை என் பெயரை வாசித்தார்கள். அன்று நான் வீட்டு வாசலுக்கும் பின்கட்டுக்குமாக ஓடியதை அண்ணா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். முதல் மனு அச்சுப் படிவம், கேட்டதை நிரப்பினேன், அவ்வளவுதான்; அதிகாரி ஒருவருக்குக் கடிதமாக எழுதுவது இதுவே முதல் தடவை. மரியாதையில் குறை இருந்தால் மொழிபெயர்ப்பாளர் ஐயா திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

3. அண்ணா இத்தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாக எழுத்து வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோல சிலாங்கூர் படகுத்துறைக்கு எதிரே இருக்கும் மளிகைக்கடையில், அதன் முதலாளி சேக் பரீது அவர்களுக்குக் கணக்கு எழுதினார். அந்த ஞாயிறு வேலையை எங்கள் வீட்டில் யாரும் வேலை என்று நினைத்ததில்லை. எனக்கு ரேடியோப் பெட்டி வாங்கித் தரவேண்டும் என்பதற்காக அண்ணா அதை ஏற்றார். பெட்டி வந்த பிறகும், முதலாளிக்கும் அவருக்கும் பழகிப்போனதால், விடாமல் போய்வந்தார். முதல் மனுவில் நான் அந்தச் சம்பளத்தைக் குறிப்பிடாததற்குக் காரணம் இதுதான். மறைக்க நினைக்கவில்லை. அது வருமானம் என்று எனக்குத் தெரியவில்லை.

4. சென்ற வருஷம் மே மாதம் ரப்பர் ஷீட்டு ஏற்றிய தோட்டத்து லோரியில் அண்ணா செரண்டா ஸ்டேஷனுக்குப் போனார். வழியில் காட்டில் இருப்பவர்கள், அந்தக் கம்யூனிஸ்டுகள், லோரியை மறித்துக் கொளுத்தினார்கள். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை வேறு யாரும் இல்லாததால் அடையாளம் காட்ட நான்தான் போனேன். ஆஸ்பத்திரிக் கொட்டகையில் பார்த்ததை இங்கே எழுதவில்லை. கால்சட்டைப் பை இருந்த இடத்தில் ஒரு சாவி இருந்தது. சேக் பரீது முதலாளி கடையில் அண்ணா உட்காரும் மேசையின் இழுப்பறைச் சாவி அது. நெருப்பில் கறுத்திருந்தாலும் வளையத்தில் நான் கட்டிக்கொடுத்த செப்புக் கம்பி அப்படியே இருந்தது. அதை வைத்துத்தான் ஆம் என்று சொன்னேன். பெட்டியை ஆணி அடித்தே கொடுத்தார்கள். அம்மா முகம் பார்க்கவில்லை. அன்றைக்கே சாம்பலாக்கினோம்.

5. இனி வரியைப் பற்றி. அண்ணா கேட்டுக்கொண்டபடி தோட்ட ஆபீசில் அவர் சம்பளத்திலிருந்து மாதாமாதம் வரியைப் பிடித்து அனுப்பிவந்தார்கள். வருஷம் முழுவதும் உழைப்பார் என்று கணக்கிட்டுப் பிடித்தது அது. அவர் மே மாதத்தோடு நின்றுவிட்டதால், அந்த வருஷத்தின் மொத்த வருமானம் வரியில்லாத அளவுக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஆகவே பிடித்தது முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று மார்ச் மாதம் தாங்கள் எழுதினீர்கள். ஜூலை மாதம் வந்த கடிதத்தில், மேற்படியார் வேறோர் இடத்தில் டிசம்பர் வரை சம்பளம் பெற்றதாகத் தெரியவருகிறது, அதைச் சேர்த்துப் பார்க்கையில் திருப்பித் தர ஒன்றும் இல்லை, மேற்கொண்டு சிறு தொகை கட்டவேண்டியிருக்கிறது, விளக்கம் இருந்தால் தரவும் என்று இருந்தது.

6. கடைச் சம்பளம் சின்னத் தொகை, தனியாக வைத்துப் பார்த்தால் அதற்கு வரியே கிடையாதே, அது எப்படி அண்ணாவின் பணத்தைத் தின்றது என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. கடிதத்தோடு தாங்கள் அனுப்பிய இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். படிக்கப் படிக்கப் புரிந்தது. இது ரேஷன் அட்டை மாதிரி. ஒருவன் காலையில் ஒரு தோட்டத்திலும் பிற்பகலில் இன்னொரு தோட்டத்திலும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினாலும் அவனுக்கு அட்டை ஒன்றுதான், அரிசியும் ஓர் ஆள் அரிசிதான். வரியில்லாத அளவும் அப்படியே. ஆளுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று இல்லை. அந்த அளவில் பாதிக்கு மேல் தோட்டத்துச் சம்பளமே நிரப்பியிருந்தது. அதன்மேல் பன்னிரண்டு மாதக் கடைச் சம்பளம் வந்து விழுந்ததும் நிரம்பி வழிந்தது. வழிந்ததற்கு வரி. ஞாயிறு வேலைக்கென்று யாரும் முன்கூட்டி வரி பிடிக்கவில்லை, எனவே அதையும் தோட்டத்தில் பிடித்து வைத்திருந்ததிலிருந்தே எடுத்தாகவேண்டும். தங்கள் அலுவலகக் கணக்கில் பிழை ஒன்றும் இல்லை ஐயா. தங்களிடம் சொல்லப்பட்டது சரியாக இருந்திருந்தால் அந்தக் கணக்கும் சரிதான்.

7. சொல்லப்பட்டது சரியில்லை. அது எப்படி நேர்ந்தது என்று எழுதுகிறேன். அண்ணா போன பிறகு சேக் பரீது முதலாளி எங்களுக்கு அரிசியும் சீனியும் அனுப்பினார். அம்மா அவற்றை அப்படியே திருப்பி அனுப்பினார். வைரவநாதன் வீட்டில் தர்மம் வாங்குவதில்லை என்று சொல்லியும் விட்டார். முதலாளி அடுத்த ஞாயிறு தாமே வந்து, அண்ணாவுக்குத் தரவேண்டிய பழைய சம்பளப் பாக்கி நிறைய நிற்கிறது, மாதாமாதம் கொஞ்சமாகத் தீர்க்கிறேன் என்றார். உழைத்த காசு என்றதும் அம்மா வாங்கிக்கொண்டார். பாக்கி ஒன்றும் கிடையாது ஐயா. அண்ணா ஒரு மாதச் சம்பளத்தைக்கூட நிற்க விட்டவர் அல்ல. கொடுத்ததைக் கடைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. தர்மம் என்று எழுதினால் என் அம்மா சொன்ன சொல்லுக்கு அவமரியாதை என்று நினைத்திருக்கிறார். அதனால் எப்போதும்போல "ஆனந்தராஜா, சம்பளம்" என்றே மாதந்தோறும் தம் கையால் எழுதிவந்தார். அந்தப் பெயரைக் கணக்கிலிருந்து எடுக்கக் கை வரவில்லை என்றும் பிறகு என்னிடம் சொன்னார்.

8. அந்த வருஷக் கடைசியில் ஊரிலிருந்து முதலாளியின் தங்கை மகன் பாவா கணக்கு எழுத வந்தார். அவர் அண்ணாவைப் பார்த்ததில்லை. ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒரு பெயர் இருக்கக் கண்டு, வேலையாட்களின் சம்பள விவரம் தங்களுக்கு அனுப்பும்போது அதையும் பார்த்து எழுதி அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் கடையில் திருப்பிக் கொடுத்த அந்தக் கறுத்த சாவியால்தான் அவர் இன்றைக்கும் இழுப்பறையைத் திறக்கிறார். யாருடைய சாவி என்று நான் சொன்ன பிறகு இரண்டு கையாலும் பிடித்துத் திறக்கிறார்.

9. இனி எழுதப்போவதுதான் ஐயா என் மனுவின் சாரம். தங்கள் ஜூலைக் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை, தோட்டத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணாவின் இடத்துக்கு வந்திருக்கும் புதுக் கிராணியார் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறார். நான் வந்தபோது அம்மா குளித்து, தலை வாரி, வெள்ளைச் சேலையை மடிப்புக் கலையாமல் உடுத்து உட்கார்ந்திருந்தார். கடிதம் மடியில் இருந்தது. என்னைக் கண்டதும் சொன்னார்:

"கவுண்மேந்து பொய் எழுதாது பிள்ளை. அவன் மார்கழி வரைக்கும் உழைச்சிருக்கிறான் எண்டு எழுதிக் கிடக்கு."

பிறகு விரல் மடக்கி மடக்கிக் கணக்குச் சொன்னார். பெட்டியைத் திறக்க விடவில்லை. முகம் பார்க்கவில்லை. மாதாமாதம் பாக்கி என்று காசு வந்தது. எந்த முதலாளி செத்தவனுக்கு இவ்வளவு பாக்கி வைப்பான். அது மகன் அனுப்பிய காசு. காட்டில் இருப்பவர்களுக்குப் பயந்து எங்கேயோ ஒளிந்திருந்து உழைக்கிறான், வெளியில் சொன்னால் கொன்றுவிடுவார்கள் என்பதால் எல்லோரும் மறைக்கிறார்கள். இப்படி எல்லாம் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்திவிட்டது. எங்கே கை வைத்துக் கலைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

10. சேக் பரீது முதலாளியிடம் ஓடினேன். அவர் கடையைப் பாவாவிடம் விட்டுவிட்டு அப்போதே என்னோடு கிளம்பி வந்தார். அம்மாவின் முன் தலையில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பாக்கி என்றது பொய், எழுதியது தன் கை, ஆனந்தன் இல்லை என்றார். அம்மா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் அவனைக் காப்பாற்றத்தான் இப்படிச் சொல்லுகிறீர்கள், உங்கள் பிள்ளைகள் நன்றாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தினார். ரேஷன் சீனியை இரட்டிப்பாகப் போட்டுத் தேநீர் கொடுத்தார். அண்ணாவின் வெள்ளைச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார். அவனிடம் கொடுத்துவிடுங்கள் என்று அதை நீட்டினார். முதலாளி வாங்கிக்கொண்டார். பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டே படகுத்துறை வரைக்கும் நடந்தார். இன்று அந்தச் சட்டை கடையில் அண்ணா உட்காரும் நாற்காலிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிற ஆட்கள் அந்த நாற்காலியில் உட்காருவதில்லை.

சாவியைப் பற்றி நானும் சொன்னேன். சாவியை யாரும் யாருக்கும் இரவல் கொடுக்கலாம் என்றார் அம்மா.

11. அம்மா அதோடு நின்றிருந்தால் நான் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அவசரகாலச் சட்டத்தின்படி காட்டில் இருப்பவர்களுக்கு எட்டாதபடி, சமைத்த சோற்றில் ஒரு கவளம்கூட தோட்டத்து வேலிக்கு வெளியே போகக்கூடாது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். காலையில் பால் வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூட கேட்டில் திறந்து பார்க்கிறார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகை, அதற்குப் பின்னால் கம்பிவேலி, அதற்கு அப்பால் காடு. ஆகஸ்ட் மாதத்திலிருந்து அம்மா பொழுது சாயும் நேரம், ஊரடங்குச் சங்கு ஊதுமுன், புட்டு அவித்து வாழையிலையில் கட்டி வேலியின் அடியில் வைத்துவிட்டு வருகிறார். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைக்கிறார். அண்ணாவுக்குப் பிடித்த நிகழ்ச்சி அந்த நேரத்தில்தான் வரும். வீட்டில் எல்லோரும் விழித்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவேண்டுமாம்.

ஐயா, பொட்டலம் ஒரு நாளும் வேலியைத் தாண்டியதில்லை என்று சத்தியம் செய்கிறேன். விறகுக் கொட்டகை மறைவில் நின்று, அம்மா உள்ளே போனதும் நானே எடுத்துவிடுகிறேன். விட்டுவைத்தால் சுற்றி வருகிற காவல்காரர்கள் கண்ணில் படும். பயங்கரவாதிகளுக்குச் சோறு வைத்ததாக அம்மாவைக் கொண்டுபோவார்கள். ரேஷன் மாவை எறிய மனம் வராமல் அங்கேயே நின்று நானே தின்கிறேன். அதில் உப்புக் குறைவாக இருக்கும். அண்ணாவுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

விடிந்ததும் அம்மா வேலியடியைப் போய்ப் பார்க்கிறார். திரும்பி வந்து முகம் மலர்ந்து என்னிடம் சொல்லுகிறார்:

"இலையையும் காணேல்லை. நல்ல பசியோட வந்திருக்கிறான்."

எடுத்தது நான் என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அம்மா என் தலையைத் தடவி, தமையனைக் காப்பாற்ற நீயும் பொய் சொல்லப் பழகிவிட்டாய் என்றார். எடுக்காமல் விட்டால் அம்மாவைப் பிடிப்பார்கள். எடுத்தால் அண்ணா வந்து சாப்பிட்டுப் போகிறார். எனக்கே இப்போது சில வேளைகளில், இலையை அவிழ்க்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ பொறுமையாக நின்று பார்ப்பதுபோல் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக் கொட்டகையில் பார்த்தவள் ஐயா. எனக்கே அப்படி இருக்கிறது.

12. முந்தாநாள் காவல் அண்ணன் ஒருவர் என்னைக் கண்டுவிட்டார். அவர் பெயரை எழுதமாட்டேன், மன்னிக்கவும். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி சொன்னார்:

"தங்கச்சி, நான் ஒண்ணும் பாக்கல. அடுத்த வாரம் எனக்கு இந்தப் பக்கம் டியூட்டி இல்லலா. வரப்போறவனுக்கு உங்கம்மாவத் தெரியாது. வேலிகிட்ட ஆள் அசைஞ்சா சுடுவான்."

அடுத்த வாரம் என்றது நாளை மறுநாள் தொடங்குகிறது. அதனால்தான் இந்த மனுவைத் தபாலில் போடாமல் முதலாளியின் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

13. ஆகவே என் கோரிக்கைகள். அண்ணா மே மாதம் வரை கடையில் உண்மையாகவே வேலை பார்த்தார். அந்த மாதங்களின் சம்பளத்தைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், அது அவர் உழைத்தது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட மாதங்களை அவர் பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள். அப்படி எடுத்தால் மார்ச் மாதம் சொன்ன தொகையே வருமோ, கொஞ்சம் குறையுமோ, அது தங்கள் கணக்கு. குறைந்தாலும், நாள் பிடித்தாலும், அதற்காக நான் இன்னொரு மனு எழுதமாட்டேன். சேக் பரீது முதலாளி அந்தத் தொகையைத் தம் கடைச் செலவில் கழித்திருப்பதால், கழித்ததைத் திரும்பத் தம் வருமானத்தில் சேர்த்து அதற்கு வரும் வரியைக் கட்டவும் சம்மதிக்கிறார். அவர் பெயரை எழுதலாமா என்று தயங்கியபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "என் பேரப் போட்டே எழுது புள்ள. மய்யித்துக்குச் சம்பளம் போட்டவன் நான்தான். வேற யாரையும் கேக்க வேணாம்னு சொல்லு." அவர் யாருக்கும் சாமான் கடத்தியவர் அல்ல. என் அம்மாவின் ரோஷத்துக்கு மரியாதை கொடுத்தவர். விசாரணை என்று வந்தால் இதையும் சேர்த்து எழுதிவைக்க வேண்டுகிறேன்.

14. எல்லாவற்றுக்கும் மேலாக எனக்கு வேண்டியது ஒரு கடிதம். அம்மா என்னை நம்பவில்லை, முதலாளியை நம்பவில்லை. தங்களை நம்புகிறார். தாங்கள் எழுதியதால் உயிர் வந்தவரைத் தாங்கள் எழுதித்தான் அனுப்பிவைக்க முடியும். திருமதி அன்னபாக்கியம் வைரவநாதன் என்று என் தாயாரின் பெயருக்கே, தமிழில், முத்திரை வைத்து, பின்வருமாறு எழுதித் தரவேண்டும்: "தங்கள் மகன் ஆனந்தராஜா 1951 மே மாதத்துக்குப் பிறகு எந்த இடத்திலும் எந்த வேலையும் பார்க்கவில்லை. எந்தச் சம்பளமும் வாங்கவில்லை. முந்திய கடிதத்தில் இருந்தது தவறான தகவல்." வேறு ஆறுதல் ஒன்றும் எழுத வேண்டாம். ஆறுதல் சொன்னால் எதையோ மறைப்பதாக நினைப்பார்.

முதலாளி தங்கள் அலுவலக வாசலில் காத்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். முடிந்தால் மொழிபெயர்ப்பாளர் ஐயாவும் அவரோடு வந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னிலையிலும் அதை வாசிக்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளிகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அத்தனை பேரும் கூடுவார்கள். அண்ணாவைத் தூக்கியபோது ஊரடங்கினால் வரமுடியாமல் போனவர்கள் அவர்கள். இந்தத் தடவையாவது அம்மாவின் பக்கத்தில் நிற்கட்டும்.

இந்த மனுவை மேசையில் வைக்காமல் கிடைத்த அன்றைக்கே பதில் தாருங்கள் ஐயா. அடுப்பில் புட்டு வெந்துகொண்டிருக்கிறது, வாசனை வருகிறது. நான் எழுந்து கொட்டகைக்குப் போகவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக நிற்கும்,
வை. மங்கையற்கரசி

இடம்: சுங்கை தூவா தோட்டம், கோல சிலாங்கூர்
நாள்: 12 செப்டம்பர் 1952

இணைப்பு: மரணச் சான்றிதழின் இன்னொரு நகல், கடைச் சம்பளத்தைப் பற்றிச் சேக் பரீது முதலாளியும் பாவாவும் கையொப்பமிட்டுத் தந்த வாக்குமூலம்.